பெயரின் தவணை

சல்லி, திருகோணமலை
9 ஜூலை 2023

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கும் கடிதமல்ல இது. அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் எடுக்கும் அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லாததற்குக் கோபம் மட்டும் காரணமல்ல. இந்த வீட்டில் இப்போது இன்டர்நெட் இல்லை. ரவுட்டரைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். மின்னஞ்சலும் போட வேண்டாம். எங்கள் மின்னஞ்சல் விலாசம் அந்த இணையத்தளப் பெயரோடு சேர்ந்தே போய்விட்டது. அதற்கு வருவதை இப்போது எவன் வாசிக்கிறானோ. ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன். நீங்களும் எழுத்தில் பதில் தாருங்கள். கதைப்பதில் நீங்கள் கெட்டிக்காரர். போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது விளங்கும்.

உங்கள் தம்பி இராகுலன் வள்ளம் வாங்கியபோது இந்தக் கரையில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மகளின் பெயரை வைத்தார். பிறகு மீன்பிடியை விட்டு, திமிங்கிலம் பார்க்கவும் புறாமலைத் தீவுக்கும் வெள்ளைக்காரரை ஏற்றத் தொடங்கினார். ஹோட்டல்காரருக்குக் கொமிஷன் கொடுக்காமல் ஆட்கள் நேரே வரட்டும் என்று நீங்கள்தான் இணையத்தளம் செய்து கொடுத்தீர்கள். இங்கத்தைக் கார்டால் டொலரில் கட்ட முடியாது என்று உங்கள் பெயரிலேயே பதிந்தீர்கள். வள்ளத்தின் பெயரே தளத்துக்கும். சிவரூபி டொட் கொம்.

அதில் இராகுலனுக்கு இருந்த பெருமை உங்களுக்குத் தெரியாது. வள்ளத்தின் இரண்டு பக்கமும் அந்த விலாசத்தை எழுதுவித்தார். நிலாவெளி வீதியில் மதில் மதிலாக எழுதுவித்தார். தெரிந்தவர்களின் ஓட்டோக்களில் ஒட்டினார். மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ரீசேட் அடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருடைய முதுகிலும் என் பிள்ளையின் பெயர் ஓடியது.

பெப்ரவரியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே விழுந்தார். அது உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். மே மாதம் சீசன் தொடங்கியும் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. செத்தவீடு நடந்த இடம், அதனால் ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு நாள் சிவரூபி இடைவேளைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். புத்தகப் பையைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்பாட வெப்சைற்றை நீங்கள் பார்த்தனீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். சூதாட்டம். அதற்குக் கீழே நான் எழுத முடியாத படங்கள், எந்த நாட்டுப் பெண்களோ. எல்லாவற்றுக்கும் மேலே, விலாசம் இருக்கும் இடத்தில், என் பிள்ளையின் பெயர். பள்ளிக்கூடத்துப் பொடியன் எவனோ முன்னால் ஓடியவனின் முதுகில் இருந்ததைப் போனில் அடித்துப் பார்த்திருக்கிறான். ஒருவன் பார்த்தால் போதுமே.

உங்கள் பெயரில் இருந்த பொருள் எப்படி இன்னொருவனிடம் போனது? எனக்கு வள்ளம் ஓட வேண்டாம். சீசன் வேண்டாம். பிள்ளையின் பெயரை எடுத்துத் தாருங்கள்.

பிரசாந்தினி


ஸ்காபரோ, கனடா
2 ஓகஸ்ட் 2023

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

நீர் விட்டுவிட்ட வரியை நானாவது எழுத வேண்டும். நீரும் பிள்ளையும் சுகமாக இருக்கச் சல்லி அம்மன் துணை.

உம்முடைய கடிதத்தை வேலைத்தலத்தில், சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன், உடனே மூடினேன். என் தம்பியின் பிள்ளை எனக்கும் பிள்ளைதான். அதை நீர் மறந்தாலும் நான் மறக்கவில்லை.

நீர் கேட்டதற்கு நேரே பதில். இந்தப் பெயர்களை யாரும் வாங்குவதில்லை, பிரசாந்தினி. நாங்கள் வாங்கியதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வருடா வருடம் வாடகைதான். பனிக்காலத்தில் என் வங்கிக் கார்டு மாறியது. தானாகப் போய்க்கொண்டிருந்த வாடகை போகாமல் நின்றது. ஞாபகமூட்டல்கள் நான் அதிகம் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்கு வந்திருக்கின்றன. கடைசி அறிவித்தல் இராகுலன் இறந்த அதே கிழமையில் வந்தது. முப்பது நாள் தவணை, அதற்குள் கட்டாவிட்டால் ஏலத்தில் போகும் என்று.

அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாவுத் துடக்கு வீடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று இங்கே ஐயர் சொன்னார். தம்பியின் பொருள்தானே, அந்தியேட்டி முடிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்வோம் என்று இருந்தேன். கிரியை முடித்து, முழுகி, ஈரத்தலையோடு கணினியைத் திறந்தேன். பெயர் அதற்கு முதல் நாள் போய்விட்டது.

இதற்கென்று ஒரு சந்தை இருக்கிறது. பழைய பெயர் என்றால் பழைய ஆட்கள் தேடி வருவார்கள் என்று, தவணை தவறும் பெயர்களை இயந்திரம் வைத்துக் காவல் காத்து வாங்குகிறார்கள். எங்கள் பெயருக்கு மூன்று பேர் போட்டியிட்டிருக்கிறார்கள். வென்றவன் யார் என்று தெரியவில்லை. தனிமனித விபரம் காட்டக் கூடாது என்ற விதியால் அவன் பெயரை மறைத்து வைத்திருக்கிறார்கள். பதிவுக் கம்பனி மூலமாக எழுதிக் கேட்டேன். எஞ்சினோடு புதுப் பைபர் வள்ளம் ஒன்றின் விலை சொன்னான்.

ஆனால் கவலைப்பட வேண்டாம். இதற்கெல்லாம் மேலே விதி செய்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது. பிறருடைய பெயரைக் கெட்ட நோக்கத்தோடு எடுத்தவனிடமிருந்து பறித்துக் கொடுக்க நடுவர்கள் இருக்கிறார்கள். முறைப்பாடு எழுதத் தொடங்கிவிட்டேன். சட்டம் இருக்கிறது, பிரசாந்தினி. கொஞ்சம் பொறுத்திரும்.

தனஞ்சயன்


சல்லி
21 செப்டெம்பர் 2023

அத்தானுக்கு,

சட்டம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறதுதான். அவன் பெயரை ஊருக்குக் காட்டக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. என் பிள்ளையின் பெயரைக் காட்டக் கூடாது என்று ஒன்றும் இல்லை. இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்களுக்குப் பெண்பிள்ளை இல்லை போலும்.

நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுக்க என்னால் முடியவில்லை. மூதூரிலிருந்து இன்ஷாப்பை வரச்சொன்னேன். மதில்களில் எழுதியவரும் ரீசேட் அடித்தவரும் அவர்தான். தான் எழுதியதைத் தானே அழிக்க வந்தார். நிலாவெளி வீதி முழுக்க இரண்டு பேருமாகப் போனோம். அவர் சுண்ணாம்பு அடித்தார், நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். கடைக்காரர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அதிலேயே விளங்கியது. ஓட்டோக்காரரிடம் கெஞ்சிக் கெஞ்சி ஒவ்வொன்றாகக் கிழித்தேன். ஒருவன் மட்டும் சிரித்தான். அவன் முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது.

கடைசியாக வள்ளம். இன்ஷாப் தூரிகையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"அக்கா, டொட் கொம்மை மட்டும் அழிச்சிட்டுப் பேரை விடட்டா? அண்ணன் ஆசையா வச்ச பேர்" என்றார்.

சரி என்றேன். அப்படியே செய்தார். சிவரூபி என்று மட்டும் மிஞ்சியது. அடுத்த நாள் காலையில் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் மிச்சப் பெயின்ரை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், இரண்டு பக்கமும் தன் பெயரைத் தானே அழித்துவிட்டு வந்தாள். பாவாடை எல்லாம் நீலம். கையைக் கழுவச் சொன்னேன். கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்கிறாள். புத்தகங்கள் திறந்தபடி கிடக்கின்றன, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "பிள்ளை" என்றால் திரும்புகிறாள்.

பிரசாந்தினி


ஸ்காபரோ
14 நவம்பர் 2023

பிரசாந்தினிக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த அன்று பதில் எழுதாமல் விட்டது நல்லது. எழுதியிருந்தால் பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்க முடியாது.

முறைப்பாட்டில் முதலாவதாக நான் காட்ட வேண்டியது, சிவரூபி என்பது எங்கள் தொழிலின் அடையாளம், ஊரார் அந்தப் பெயரால்தான் எங்களை அறிந்தார்கள் என்பதை. அதற்கு மதில் வேண்டும். ஓட்டோ வேண்டும். வள்ளத்தில் பெயர் எழுதிய படம் வேண்டும். படம் எடுத்து அனுப்பும் என்று கேட்க நான் கடதாசி எடுத்த நேரம் உம்முடைய கடிதம் வருகிறது: எல்லாவற்றையும் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டேன் என்று. நான் பொறும் என்று எழுதியது உமக்குப் பொழுதுபோக்காகவா இருந்தது? நீர் அழித்தது விளம்பரத்தை அல்ல, எங்களிடமிருந்த சாட்சியை.

தம்பியின் போனில் படங்கள் இருந்தால் அனுப்பும். பள்ளிக்கூடத்து ரீசேட் கொஞ்சமாவது சேர்த்து அனுப்பும்.

அந்தப் பக்கத்தை இறக்கிவிடச் சொல்லி, அது இருக்கும் கணினியின் சொந்தக்காரருக்கும் எழுதினேன். வளர்ந்த பெண்களின் படங்கள், எங்கள் நாட்டில் குற்றமல்ல என்று பதில். பெயரைப் பற்றிக் கேட்டால், அது பெயர் விற்றவனிடம் கேள் என்கிறார்கள். விற்றவனோ நடுவரிடம் போ என்கிறான். ஒவ்வொருவனும் மரியாதையாகத்தான் எழுதுகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாப் பழியும் என் தலையில் என்பது உம்முடைய கணக்கு. ஒன்று கேட்கிறேன். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அன்று போனில் கேட்டேன், தம்பியின் வேலைகள் சில என்னிடம் கிடக்கின்றன, பார்க்கட்டுமா என்று. "அந்தியேட்டி முடியட்டும் அத்தான், அதுவரைக்கும் அவற்ற ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொன்னது யார்?

எழுதிவிட்டேன். கிழித்துப்போட மனம் வரவில்லை.

தனஞ்சயன்


சல்லி
30 ஜனவரி 2024

அத்தானுக்கு,

ஓம், நான்தான் சொன்னேன்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாரத்தைச் சொன்னேன். முகம் வழிக்கும் ரேசரைச் சொன்னேன். வாசலில் கிடந்த செருப்பைச் சாவீட்டுக்கு வந்த சனம் எடுத்து எங்காவது எறிந்துவிடுமோ என்று, அதைச் சொன்னேன். நீங்கள் என்னிடம் "சில வேலைகள்" என்றீர்கள். பிள்ளையின் பெயர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், துடக்கும் வேண்டாம் ஐயரும் வேண்டாம், இப்போதே கட்டுங்கள் என்றிருப்பேன். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

அவருடைய போன் விழுந்த அன்றே உப்புத் தண்ணீரில் போய்விட்டது. ரீசேட் கேட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் கமலாதேவி ரீச்சர் என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தருவித்துவிட்டுச் சொன்னார்: பிள்ளைக்கு வெட்கக்கேடு வரக் கூடாதென்று ஒவ்வொரு வகுப்பாகப் போய் ரீசேட்டுகளைத் திருப்பி வாங்கி, தன் கண் முன்னாலேயே கொளுத்திவிட்டாராம். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? இன்ஷாப்பிடம் எழுத்து மங்கி அடிபட்ட ஒன்று இருந்தது. அதைத்தான் இத்துடன் அனுப்புகிறேன்.

உயர்தரச் சோதனைக்கு அவள் போகமாட்டாள் என்றுதான் இருந்தேன். முதல் நாள் தானாகவே வெள்ளைச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். உயர்தரம் எழுதினால் வேறு ஊருக்குப் போய்ப் படிக்கலாம் அம்மா என்றாள். அவளுடைய அப்பா போன பிறகு நான் சந்தோஷப்பட்ட ஒரே காலை அது. ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். மண்டபத்தில் வரவு பார்க்க வந்தவர் முழுப் பெயரையும் உரத்து வாசித்திருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், பாவம். பின்வரிசையில் ஒருவன் "டொட் கொம்" என்றானாம். பெரிய சிரிப்புக்கூட இல்லையாம். இரண்டு மூன்று பேர் இருமியது போலத்தானாம்.

இவள் பேனையை மூடி, அனுமதி அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நான் இன்னும் வாசலில்தான் நின்றேன். மற்றப் பாடங்களுக்கும் போகவில்லை. நாளையோடு சோதனை முடிகிறது என்று மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கதைத்தது கேட்டது.

உங்கள் நடுவர்களுக்கு இதையும் எழுதுங்கள்.

பிரசாந்தினி


ஸ்காபரோ
20 மே 2024

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. தோற்றுவிட்டோம்.

பன்னிரண்டு பக்கம். மிகவும் நல்ல ஆங்கிலம். மூன்று தரம் வாசித்தேன், எங்காவது ஒரு கதவு திறந்திருக்குமா என்று. சாரத்தை மட்டும் எழுதுகிறேன். சிவரூபி என்பது அந்தச் சமூகத்தில் பெண்களுக்கு வழங்கும் பெயர். எவருக்கும் தனிச் சொந்தமல்ல. வள்ளத்தின் பெயர் தொழிற்குறியாகப் பதியப்படவில்லை. அப்பெயரால் தொழில் அறியப்பட்டதற்கு மங்கிய ரீசேட் ஒன்றைத் தவிரச் சான்று போதாது. பழைய உரிமையாளருக்கு, அதாவது எனக்கு, முறையாக அறிவித்தல் கொடுக்கப்பட்டது; அவர் தவணையைத் தவறவிட்டார். வாங்கியவர் எல்லோருக்கும் திறந்த ஏலத்தில், போட்டியில், வாங்கினார்.

அந்தியேட்டியைப் பற்றியும் எழுதியிருந்தேன். மதச் சடங்குக்காகத் தாமதித்ததை அனுதாபத்தோடு கவனிக்கிறோம் என்று அரை வரி. பிள்ளைக்கு நேர்ந்ததைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன், சோதனை மண்டபம்வரை. இந்த நடைமுறையின் வரம்புக்குள் அது வராது என்று ஒரு வரி. சட்டம் இருக்கிறது என்று உமக்கு எழுதியவன் நான். அது இருக்கிறது. எங்களைப் பார்க்கத்தான் அதற்கு இடமில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் அதே பதிவுக் கம்பனி எனக்கு விளம்பரம் அனுப்பியது. நான் தேடிய பெயர் டொட் கொம் என்ற வாலோடு இல்லையாம். ஆனால் டொட் நெற், டொட் ஷொப், டொட் லைஃப் என்று இன்னும் நூற்றுக்கணக்கான வால்களோடு கிடைக்கிறதாம். முதல் வருடம் கழிவு விலை. வேறெவரும் முந்துவதற்குள் வாங்கிப் பாதுகாத்துக்கொள் என்று எழுதியிருக்கிறார்கள். போட்டி வந்தால் விலை இறங்கும் என்று இந்தச் சந்தையைத் திறந்துவிட்டார்களாம். விலை இறங்கியது உண்மைதான். இவ்வளவு மலிவாக இருந்தபடியால்தான் நானும் அதை ஒரு பொருளாக மதிக்கவில்லை.

இப்போது இரண்டு வேலை செய்கிறேன், முறைப்பாட்டுக்கு எடுத்த கடனுக்காக. அதை உமக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஏன் போன் எடுப்பதில்லை என்று நினைப்பீரோ என்றுதான். பிறகு யோசித்தேன், நீர் அப்படி நினைக்கவே மாட்டீர்.

போன கடிதத்தில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. பிள்ளையிடம் பெரியப்பா கேட்டதாகச் சொல்லும்.

தனஞ்சயன்


சல்லி
5 நவம்பர் 2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து மாதமாக எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இரண்டு விஷயம் இருக்கிறது.

வள்ளத்தை விற்றுவிட்டேன். இறக்கக்கண்டியிலிருந்து லாபிர் என்பவர் வந்து வாங்கினார். எஞ்சினைத் தட்டிப் பார்த்து, சுற்றி நடந்து பார்த்து, இதுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மகளின் பெயரை வைப்போம் என்று சொல்லிக்கொண்டு போனவர், பிறகு நம்பரோடு மட்டும் இறக்கியிருக்கிறார். மனைவி விடவில்லையாம். இந்தக் கரையிலும் அப்படித்தான். இந்த வருடம் இறங்கிய புது வள்ளங்களுக்குக் கோயில் பெயர்கள்தான். யாரும் எங்களைச் சொல்லிச் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு புது வள்ளத்தையும் பார்க்கும்போது எனக்குத் தெரியும்.

மற்றது பிள்ளையைப் பற்றியது. பெயரை மாற்றிவிட்டோம். பதிவாளர் கந்தோருக்கு நாலைந்து தரம் நடந்தோம். தகப்பனின் மரணச் சான்றிதழ், என் கையெழுத்து, பிறப்புப் பத்திரம் எல்லாம் கேட்டார்கள். அங்கிருந்த அம்மா நல்ல மனிசி. பிள்ளையைப் பார்த்து, "இவ்வளவு வடிவான பேரை ஏன் மகள் மாத்துறீர்? சாத்திரம் பார்த்தா?" என்று கேட்டார். பிள்ளை "ஓம்" என்றாள். சாத்திரம் என்று சொன்னால் ஒருவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

பழைய பெயர் அவளுடைய அப்பாவின் தெரிவு. பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூன்று பெயர் சொல்லி, மூன்றையும் தானே தள்ளிவிட்டு, நாலாவதாக இதைச் சொன்னார். பதினெட்டு வருடம் நாளுக்கு எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன். பெயரை மாற்றிவிட்டு வந்த இரவு குசினியில் நின்று பழக்கத்தில் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அறைக்குள்ளே இருந்தாள். கேட்டிருப்பாள்.

அடுத்த கிழமை மட்டக்களப்புக்குப் போகிறாள், என் தங்கை வீட்டுக்கு. தையல் படிக்கப்போகிறாள். அங்கே அவளைப் புதுப் பெயரில்தான் அறிவார்கள். அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். நீங்கள் குறை நினைக்கக் கூடாது.

பிரசாந்தினி


ஸ்காபரோ
12 ஜூன் 2025

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

உம்முடைய கடிதம் இங்கத்தைத் தபால் வேலைநிறுத்தத்தில் எங்கோ கிடந்து, பொங்கல் கழித்துத்தான் வந்தது. வாசித்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் இவ்வளவு நாள் போய்விட்டது. இன்றைக்குச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பெயர் எங்களிடம் வந்துவிட்டது.

அவன் இந்த வருட வாடகையைக் கட்டவில்லை. தவணை தவறியதும் நான் நித்திரை இல்லாமல் காவல் இருந்தேன். இந்த முறை ஏலத்துக்கு ஒருவனும் வரவில்லை. எல்லாத் தவணையும் கழிந்து பெயர் வெளியே விழுந்த நிமிடம் பிடித்துவிட்டேன். யாரும் எடுக்கும் சாதாரண விலைதான். இரண்டு பேர் சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

ஏன் விட்டான் தெரியுமா? அந்தப் பெயரைத் தேடி இப்போது எவரும் போவதில்லை. மதிலில் இல்லை, ஓட்டோவில் இல்லை, வள்ளத்தில் இல்லை. அவனுக்கு அது வெறும் செலவு. என் முறைப்பாட்டுக்கு அவன் அசையவில்லை. நீர் குடையோடு நின்று அடிப்பித்த சுண்ணாம்புதான் அவனைத் தோற்கடித்தது. நான் உம்மைத் திட்டி எழுதியது அதே சுண்ணாம்புக்காக. அதை நினைத்தால் எனக்கு இந்த வயதில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் என்ன போடட்டும்? யாருடையதோ பெயரில்லாத ஒரு வள்ளத்தோடு தம்பி நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது, அவன் கலியாணத்துக்குப் பிறகு அனுப்பியது. அதைப் போடலாமா? பிள்ளை பார்த்தால் மனம் ஆறுமா?

இன்னொன்று. அவளுடைய புதுப் பெயரைத் தயவுசெய்து எழுதும். அதையும் எல்லா வால்களோடும் என் பெயரில் வாங்கிப் பூட்டி வைக்கிறேன். பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறேன். இனி ஒருவன் கிட்ட வர முடியாது. இந்த ஒன்றையாவது பெரியப்பன் ஒழுங்காகச் செய்ய விடும்.

தனஞ்சயன்


சல்லி
8 ஜூலை 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன், சந்தோஷம் வருமா என்று. வரவில்லை. நீங்கள் கண்விழித்துக் காவல் இருந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பேன்.

பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன், பெரியப்பா சிவரூபியைத் திருப்பி எடுத்துவிட்டார் என்று. அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "அது ஆரம்மா?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்கவும் பயமாக இருந்தது.

நீங்கள் புதுப் பெயரைக் கேட்டதையும் சொன்னேன். உங்கள் நல்ல மனதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் உடனே பதில் சொன்னாள்.

"பெரியப்பாக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அம்மா. அவர் வாங்கிப்போடுவார்."

கோபமாகச் சொல்லவில்லை, அத்தான். கெஞ்சித்தான் சொன்னாள். எங்கும் எழுதாத பெயராக இருக்கட்டும் என்கிறாள். தைத்துக் கொடுக்கும் சட்டையில் கடைக்காரி பெயர்த் துண்டு வைக்கச் சொன்னால்கூட கூடத் தைக்கும் மற்றப் பிள்ளையின் பெயரை வைக்கச் சொல்கிறாளாம். ஆகவே நீங்கள் அவளைப் பெயர் தெரியாமல்தான் பிள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நானும் வீட்டில் அப்படித்தான்.

பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டீர்கள். ஒன்றும் வேண்டாம். அவருடைய படமும் வேண்டாம். வெள்ளையாக இருக்கட்டும்.

ஆனால் விட்டுவிடவும் கூடாது. அவள் அந்தப் பெயரை விட்டுவிட்டாள், ஊர் விடவில்லை. நாளைக்கு அவளை ஒருவன் கலியாணம் கேட்டு வந்தால் யாராவது பழைய பெயரை அவன் காதில் போடுவார்கள். அவன் போனில் அடித்துப் பார்ப்பான். அன்றைக்கு அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்காக நீங்கள் வருடா வருடம் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் அதற்கடுத்த வருடமும் கட்ட வேண்டும். யாரும் இல்லாத வீட்டுக்கு வாடகை கட்டுவது போலத்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டுங்கள்.

உங்களுக்கும் வயது போகிறது. நெஞ்சு வருத்தம் உங்கள் குடும்பத்தில் இருக்கிறது. கெடுதியாகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பது என்று இப்போதே எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆங்கிலத்தில் எழுதுங்கள். எந்தக் கார்டு, எந்தத் திகதி, எல்லாம் எழுதுங்கள். நீங்கள் போகிற கிழமையில் அறிவித்தல் வந்தால், துடக்கு என்று பார்க்காமல் அன்றைக்கே கட்டச் சொல்லி எழுதுங்கள். அந்தியேட்டி வரைக்கும் பொறுக்க வேண்டாம் என்று எழுதுங்கள்.

பிரசாந்தினி